விசாரிக்க வந்தவை

கதவைத் தட்டுகிற சத்தம் நிரோஜாவுக்கு உடனே கேட்கவில்லை. காதுக்குள் பஞ்சு அடைத்திருந்தாள். பஞ்சு அடைத்தும் மேல் வீட்டுத் தையல் மெசின் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது காதால் வருகிற சத்தமில்லை. சீலிங்கால் இறங்கி, சுவரைப் பிடித்து வந்து, மேசைக் காலால் ஏறி, எழுதுகிற முழங்கைக்குள் வந்து நிற்கிற சத்தம். அதற்கு மேல் டினேசின் வூபர். பாட்டு என்ன பாட்டென்று தெரியாது, அடி மட்டும் இறங்கும். அதற்கும் மேல் மரியநாயகி மாமியின் குரல், மகனை வூபரைக் குறைக்கச் சொல்லி, வூபரை விடப் பெரிதாக.

அறைக்குள் அப்பா சிமியோன் மீன்பிடிக்கப் போய் விடியக் கரைக்கு வந்த களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் முறையிட்டுப் பலனில்லை. "எஞ்சினுக்குப் பக்கத்திலை படுத்து எழும்புறவன் நான். உது எனக்குத் தாலாட்டு" என்பார். அம்மா றெஜினா சந்தையில் மீன் விற்கப் போயிருந்தாள். சனிக்கிழமை பின்னேரம். அலுவலக வேலைக்கு நடுவே நிர்வாக சேவைப் பரீட்சைக்கு நிரோஜா இரண்டாந்தரம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தரம் ஒரு பாடத்தில் தவறிப்போனாள். அந்தப் பாடத்தைத் தின்றது மேல் வீடுதான் என்று அவள் தீர்மானித்து வைத்திருந்தாள்.

குருநகரில் கடலைப் பார்த்து நிற்கிற அந்த மாடி வீடுகளில் சத்தமில்லாத வீடு கிடையாது. ஆனால் மற்றவர்களின் சத்தம் யன்னலால் வரும், போகும். மேல் வீட்டுச் சத்தம் தலையில் குடியிருந்தது. ஒருமுறை ஏறிப்போய்ச் சண்டை பிடித்தாள். மாமியின் மகள் கீர்த்திகா அன்றே பழைய சிலிப்பரை வெட்டி மெசின் கால்களுக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு சிலிப்பர் நசிந்து, சத்தம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு படிக்கட்டில் நிரோஜாவைக் கண்டால் டினேசுக்கு வாய் சும்மா இராது. "பட்டதாரி அக்கா வாறா. எல்லாரும் மூச்சை அடக்குங்கோ!" அவள் பட்டம் பெற்ற அன்று, கறுப்பு அங்கியோடு அவளுடைய படத்தைப் போட்டு, 'எங்கள் மாடியின் முதற் பட்டதாரி' என்று படிக்கட்டின் அடியில் பனர் கட்டினவனும் அவன்தான். அன்றைக்கும் வூபர் போட்டான். அன்றைக்கு மட்டும் அது அவளுக்குச் சத்தமாகத் தெரியவில்லை.

பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வெயிலுக்குள் பட்டுச் சீலை உடுத்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு நடுவயதுப் பெண் நின்றாள். கீழே ஓட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள், மேல் வீட்டுக் கொடியில் காய்கிற உடுப்புகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செபமாலையின்ரை வீடோ பிள்ளை?"

"இல்லை."

"ஓ. அப்ப மேல் வீடோ?"

"மேலை மரியநாயகி மாமி இருக்கிறா."

"அப்பிடியோ." பட்டுச் சீலைக்காரி கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தாள். "அவையள் எப்பிடி, நல்ல சனமோ?"

இந்த நாடகம் நிரோஜாவுக்குத் தெரியாததல்ல. செபமாலை என்று ஒருவர் அங்கே இல்லை. வழி தவறினவர்கள் மாதிரி வந்து, அயல் வீட்டில் பெண்ணைப் பற்றி விசாரிப்பார்கள். பெண் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னும் வருவார்கள், எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒருமுறையும் வருவார்கள். இப்படி வருகிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை அம்மாவும் கீழ் வீட்டு வின்சன்ற்றின் மனைவியும் தண்ணீர்க் குழாயடியில் கொண்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை பிடித்தார்கள். அன்று பின்னேரமே அந்த வீட்டுப் பெண்ணை விசாரிக்க ஆள் வந்தது. கத்திக் கத்தி அடைத்துப்போன அதே தொண்டையால் அம்மா, "தங்கமான சனங்கள்" என்றாள். பெண்பிள்ளை விசயத்தில் இங்கே ஒருவரும் பழி தீர்ப்பதில்லை.

சொல்ல விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சொல் உண்டு. 'எங்களுக்குத் தெரியாது.' ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் தெரியாது என்றால், தெரிந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது என்று பொருள். கேட்டவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வந்த வழியே போய்விடுவார்கள். ஏச்சுக் கூட இவ்வளவு செய்யாது.

அந்த நேரம் பார்த்து வூபர் ஒரு உறுமு உறுமியது. மேசையில் பேனை உருண்டு விழுந்தது.

"என்னட்டை ஏன் கேக்கிறியள், அன்ரி? உங்கடை காதாலை கேளுங்கோவன்" என்று நிரோஜா சீலிங்கைக் காட்டினாள். "விடிஞ்சால் பொழுதுபட்டால் ஒரே சத்தம்."

"சத்தமோ?" பட்டுச் சீலைக்காரியின் கண் ஓடிப்போய் சீலிங்கில் நின்றது. "என்ன, சண்டை சச்சரவோ?"

"அது எனக்குத் தெரியாது."

"பெடியன் குடிக்கிறவனோ?"

டினேசுக்குப் பியர் மணத்தாலேயே தலையிடிக்கும். மாடியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை.

"தெரியாது."

"பெட்டை எப்பிடி?"

முதலாவது 'தெரியாது' வாய் தவறி வந்தது. இரண்டாவது கோபத்தில் வந்தது. மூன்றாவது வருவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சுக்குள் எல்லாவற்றையும் யோசிக்க முடிந்தது. கீர்த்திகா அக்காவுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. தகப்பன் போன பிறகு அந்த மெசின்தான் அந்த வீட்டின் அடுப்பு. வந்த பேச்சு ஒவ்வொன்றும் ஏதோவொன்றில் முட்டி நின்றது. இவ்வளவும் யோசித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளருக்குப் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று நிரோஜா சொன்னாள்:

"எனக்குத் தெரியாது, அன்ரி."

பட்டுச் சீலைக்காரி அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "சந்தோசம் பிள்ளை" என்றாள். மேலே ஏறவில்லை. ஓட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நிரோஜா பஞ்சைத் தேடி எடுத்துத் திரும்பவும் காதுக்குள் அடைத்தாள். தான் பொய் சொல்லவில்லை என்று தனக்குச் சொன்னாள். ஒரு மனிதரைப் பற்றி இன்னொரு மனிதருக்கு என்னதான் தெரியும்? நல்ல கேள்வி. கட்டுரையில் எழுதினால் புள்ளி கிடைக்கும்.

*

"மரியநாயகியின்ரை பெட்டைக்கு வந்தது குழம்பிட்டுதாம்" என்று அம்மா சொன்னபோது மீன் தட்டைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "கோயிலிலை கலியாண ஓலை கூற நாளும் பாத்தாச்சு. சுவாமியாரிட்டையும் சொல்லியாச்சு. இனிப் பெயர் வாசிக்கிறதுதான் மிச்சம். சரிவராது எண்டிட்டினமாம்."

"ஏனாம்?"

"ஏனெண்டு ஆர் சொல்லுவினம்? கொடிகாமத்து ஆக்கள். மாப்பிள்ளைப் பெடியன் ஜெரிசன், தாய் தேப்பன் இல்லை. தாயின்ரை தமக்கை மிரியம்தான் எல்லாம். கொடிகாமத்திலை தேங்காய் மொத்த யாவாரம். கடைசியா ஒருக்கா விசாரிச்சுப் பாக்க வந்திருப்பினம். ஆரோ வாயை வைச்சிட்டினம்." அம்மா தட்டை ஓங்கிச் சுவரில் சாய்த்தாள். "வேறை ஆர், உந்தக் கீழ் வீட்டு வின்சன்ற்றின்ரை மனிசிதான். அவளுக்குத்தானே மரியநாயகியோடையும் தண்ணிக் கோவம். பொம்பிளைப் பிள்ளையின்ரை விசயத்திலை இப்பிடிச் செய்யிறதெண்டால், எடி, அவளும் ஒரு மனிசியே?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கை ஈரமாக இருந்தது, முகத்தில் செதிள் ஒன்று ஒட்டியிருந்தது. நிரோஜா அந்தச் செதிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அம்மா, கன்னத்திலை செதிள்" என்றாள்.

மேல் வீடு அடங்கிப்போனது. வூபர் நின்றது. மாமியின் குரல் நின்றது. கதிரையை இழுக்கிற வீடு, இப்போது கதிரையைத் தூக்கி வைத்தது. மெசின் பகலில் மட்டும் கேட்டது, அதுவும் பயந்து பயந்து, ஒரு சாண் தைத்து நிறுத்தி, ஒரு சாண் தைத்து நிறுத்தி. வெட்கம் பிடித்த வீடு அப்படித்தான் இருக்கும். தான் அங்கே இருக்கிறதே வெளியில் தெரியக்கூடாதென்று. நிரோஜாவுக்கு இனிப் பஞ்சு தேவையில்லை. ஆசைப்பட்டுக் கேட்ட அமைதி தலைக்கு மேல் வந்து குந்தியிருந்தது. அவள் புத்தகத்தை விரித்தாள், மூடினாள், அலுவலகத்துக்குப் போனாள், வந்தாள். ஒரே பந்தியை வாசித்து வாசித்து அதன் அச்சுப் பிழை எல்லாம் பாடமாகிவிட்டது.

ஒருநாள் படிக்கட்டில் கீர்த்திகா எதிர்ப்பட்டாள். தைத்த உடுப்புகளைப் பையில் கட்டித் தோளில் போட்டிருந்தாள். வழி விட்டுச் சுவரோடு ஒதுங்கி, "இப்ப படிக்க ஏலுதோ, நிரோஜா?" என்றாள். "டினேசுக்குச் சொல்லிப்போட்டன். சத்தம் வந்தால் ஒருக்காச் சொல்லு, என்ன?"

அதில் குத்தல் இருக்கிறதா என்று நிரோஜா தேடிப் பார்த்தாள். ஒரு துளி குத்தல் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருக்கலாம். கோபப்படத்தான் அவளுக்கு நன்றாக வரும். வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவளுக்குக் கோபம்தான் குடை, கோபம்தான் செருப்பு. கீர்த்திகாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் வின்சன்ற்றின் மனைவி அழுதாள். பூசை முடிந்து வரும்போது மரியநாயகி மாமி அவளைக் கண்டும் காணாதவள் மாதிரிப் போனாளாம். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாளாம். மாமி கையை உதறிவிட்டாளாம். "அந்தோனியார் அறிய நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. என்ரை வீட்டுப் படியிலை அவையள் வரவுமில்லை. நானும் பொம்பிளைப் பிள்ளை பெத்தவள்தானே?" என்று எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்கள் வாளிகளைப் பார்த்தார்கள். அவளுடைய கண் நிரோஜாவிடம் வந்து நின்றது. "நீ படிச்சனி பிள்ளை. நீயெண்டாலும் மரியநாயகிக்குச் சொல்லன். நீ சொன்னால் நம்புவா."

நிரோஜாவின் வாளி நிறைந்து வழிந்து, அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

*

அடுத்த நாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு கொடிகாமம் பஸ் ஏறினாள். மாமியிடம் போய்ச் சொல்வதை விட இது சுலபம் என்று நினைத்தாள். சுலபமானதைத்தான் முதலில் செய்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும். உடைந்ததை ஒட்டிவிட்டால், உடைத்தது யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சந்தைக்குப் பின்னால் தேங்காய்க் குவியல்களுக்கு நடுவில் மிரியம், பட்டுச் சீலையில்லாமல், இடுப்பில் துவாய் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு காயையும் காதடியில் ஆட்டிப் பார்த்து இரண்டு பக்கமாகப் போட்டாள். நிரோஜாவை உடனே அடையாளம் பிடித்தாள்.

"அட, குருநகர்ப் பிள்ளை! வந்து இதிலை இருமன்."

"இருக்க வரேல்லை அன்ரி. அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"எதை? நீர் ஒண்டும் சொல்லேல்லையே. தெரியாது எண்டுதானே சொன்னனீர்."

"அதுதான் பிழை. எனக்குத் தெரியும். டினேஸ் குடிக்கிறேல்லை. அங்கை சண்டை ஒண்டுமில்லை. அந்தச் சத்தம் தையல் மெசின். கீர்த்திகாக்கா மாதிரி ஒரு ஆளை…" அவள் நிறுத்தினாள். சொல்லச் சொல்லச் சொற்கள் சந்தைக்காரி கூவுகிற மாதிரி வந்தன. எல்லாம் உண்மை. ஒன்றுகூட உண்மை மாதிரிக் கேட்கவில்லை.

மிரியம் கையிலிருந்த தேங்காயை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். "அவையள் அனுப்பினவையோ?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"அப்ப இந்த வெய்யிலுக்குள்ளை ஏன் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தனீர்?"

"நான் கோவத்திலை சொன்னனான் அன்ரி. சத்தத்தாலை படிக்கேலாமல் இருந்தது. அந்தக் கோவம். அவையளுக்கு ஒரு குறையுமில்லை. என்னிலைதான் குறை."

மிரியம் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, அனுபவப்பட்ட சிரிப்பு. "இஞ்சை பாரும் பிள்ளை. அயலுக்கை நாலு வீட்டிலை கேட்டனான். எல்லாரும் தங்கம், தங்கம் எண்டிச்சினம். அப்பிடித்தான் சொல்லுவினமெண்டு எனக்குத் தெரியாதே? நானும் என்ரை அயலுக்கு அப்பிடித்தான் சொல்லுறனான். நீர் ஒராள்தான் மனசிலை கிடந்ததைக் காட்டினனீர். இப்ப வந்து நீரும் தங்கம் எண்டால், அண்டைக்குச் சொன்னதை நம்புறதோ, இண்டைக்குச் சொல்லுறதை நம்புறதோ?"

"இண்டைக்குச் சொல்லுறதை."

"ம்." மிரியம் துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். துவாய்க்கு மேலால் அவளைப் பார்த்தாள். "உமக்கு என்ன வயசு?"

"இருவத்தேழு."

"உத்தியோகம் நிரந்தரமோ?"

"ஓம்."

"சகோதரங்கள்?"

"இல்லை. நான் தனி." எந்த அன்ரியும் எங்கே கண்டாலும் கேட்கிற கேள்விகள். பதில் சொல்லித் தொலைத்தால்தான் விடுவார்கள். "அன்ரி, கீர்த்திகாக்காவின்ரை விசயம்…"

"யோசிப்பம் பிள்ளை. யோசிப்பம்." மிரியம் இரண்டு தேங்காய்களைத் தெரிந்தெடுத்து அவளுடைய பைக்குள் வைத்தாள். நிரோஜா யோசிப்பம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டின. வீட்டில் அம்மா கேட்டதற்கு, வரும் வழியில் மலிவாகக் கிடைத்தது என்றாள். இப்போது பொய் சுலபமாக வந்தது.

*

அந்தக் கிழமை முடிவில், பின்னேரம், கீழே ஓட்டோ வந்து நின்றது. அம்மா பல்கணியால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"எடி, கொடிகாமத்து மிரியமெல்லே உது? ரெண்டு பேர் இறங்குகினம். பழத்தட்டும் கிடக்கு!"

காலடிகள் படியேறின. நிரோஜாவின் வீட்டுக் கதவடியில் கொஞ்சம் தாமதித்தன. பிறகு மேலே போயின. மேல் வீட்டுக் கதவு திறந்தது. "வாங்கோ, வாங்கோ" என்று மரியநாயகி மாமியின் குரல் பழையபடி பெரிதாகக் கேட்டது.

"சரிவரப்போகுது" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே, அந்தப் பெட்டைக்குச் சரிவரப்போகுது."

நிரோஜா கதிரையில் இருந்தாள். உள்ளுக்குள் இத்தனை நாளும் இறுகிக் கிடந்த ஒன்று மெல்ல அவிழ்ந்தது. மேலே கதிரைகள் இழுபட்டன. யாரோ குசினிக்கும் முன்னறைக்கும் ஓடினார்கள், கிளாஸ்கள் முட்டின. நாளைக்கே டினேஸ் வூபர் போடட்டும் என்று நினைத்தாள். கூரை பிளக்கப் போடட்டும். பிறகு மேலே ஓட்டம் நின்றது. பேச்சு நின்றது. ஒரு குரல் மட்டும் தாழ்ந்த தொனியில் ஏதோ கேட்பது போல இருந்தது. நிரோஜா அண்ணாந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதன்முதலாக அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

காலடிகள் இறங்கி வந்தன. இம்முறை கதவைத் தட்டினார்கள். அம்மா திறந்தாள். மிரியம் வாசலில் பழத்தட்டோடு நின்றாள். மேலே கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்கள்தானே பிள்ளையின்ரை அம்மா?" என்று சிரித்தாள். "மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எங்கடை ஜெரிசனுக்காக உங்கடை பிள்ளையைப் பற்றித்தான் மேலை விசாரிச்சனாங்கள். அண்டைக்குக் கண்ட நேரமே எனக்குப் பிடிச்சிட்டுது. உள்ளதை உள்ளபடி சொல்லுற வாய். பிறகு வெய்யிலுக்கை கொடிகாமம் மட்டும் வந்து, தன்னிலைதான் பிழையெண்டு சொன்னா பாருங்கோ, அந்த மனசு! இப்ப மேல் வீட்டுக்காரியும் சொல்லுறா, தங்கமான பிள்ளையாம். இப்பிடிப் பிள்ளை கிடைக்கிறதுக்குக் குடுத்து வைக்க வேணுமாம்."

அம்மா மிரியத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி மகளைப் பார்த்தாள். "அண்டைக்கோ?" என்று கேட்டாள். "எண்டைக்கு? கொடிகாமத்துக்கு ஏன் போனனி?" அம்மாவின் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்ந்துகொண்டு வந்தது. தீர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க நிரோஜாவால் முடியவில்லை. பழத்தட்டை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தோடம்பழம் ஒன்று படிக்கட்டில் உருண்டு போனது. அவள் மேலே ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் நல்ல கதிரைகள் இரண்டும் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போடப்பட்டிருந்தன. பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க ஒருவரும் எழும்பவில்லை. டினேஸ் பல்கணியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மாமி சின்ன ஸ்ரூலில் குந்தியிருந்தாள். அவசரத்தில் உடுத்த சீலை. அதன் மடிப்பு இன்னும் குத்திட்டு நின்றது. கீர்த்திகா முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். காதடியில் அது சரியாகத் தேயவில்லை.

"மாமி" என்றாள் நிரோஜா. மூச்சு வாங்கியது. "அவையள் அண்டைக்கு வரேக்கை, நான்தான்…"

"வா பிள்ளை. இரு." மாமி அவளைப் பார்க்காமல் கதிரையைக் காட்டினாள். "கேட்டவை, சொன்னன். கேட்டால் சொல்லத்தானே வேணும்."

"அப்பிடி இல்லை மாமி. கீழ் வீட்டு மாமி ஒண்டும் சொல்லேல்லை. நான்…"

"இரு எண்டுறன்."

அவள் இருந்தாள். கதிரையில் மிரியத்தின் சூடு இன்னும் இருந்தது. ஸ்ரூலின் அருகே தட்டத்தில் மூன்று கிளாஸ்கள். இரண்டு வெறுமை. மூன்றாவதில் நெல்லி கிறஷ் ததும்ப நின்றது. ஒன்று கூடுதலாக ஊற்றி, ஒருவரும் தொடாமல் விட்டது. கீர்த்திகா குனிந்து அதை எடுத்தாள். கிளாசின் அடியில் கோத்திருந்த நீரை உள்ளங்கையால் துடைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள், வந்தவர்களுக்கு நீட்டியிருக்கக்கூடிய மாதிரியே.

"குடி, நிரோஜா. ஐஸ் கரைஞ்சிட்டுது" என்றாள்.

நிரோஜா வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். மாமி வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தங்கள் வீட்டிலிருந்து அம்மாவின் குரல் உயர்ந்தது, பிறகு சட்டென்று தாழ்ந்தது. கிளாசில் பாதிக்கு மேல் இன்னும் இருந்தது. கழுவுவதற்கு மற்ற இரண்டையும் ஒரு கையில் கோத்துப் பிடித்தபடி, மறு கையை நீட்டிக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை கீர்த்திகா நின்றாள்.